பூட்ஸில் கொட்டிய புகை

நகரத்திலேயே புகை மிகுந்த நாற்சந்தியில், போக்குவரத்துக் காவலர் ஒருத்தி பணியில் நிற்கும் நேரங்களில் மட்டும் காற்று மலை உச்சிக் காற்றைப் போலச் சுத்தமாகிவிடும். அவள் வீடு திரும்பியதும் மறுபடி புகை மூடிக்கொள்ளும். இதை முதலில் கண்டுபிடித்தவன் அவள் கணவன். அவன் காற்று மாசை அளக்கும் அலுவலகத்தில் இருந்தான். கருவிகள் அனுப்பும் அளவுகளோடு காற்றின் திசையையும் வண்டிகளின் நெரிசலையும் கணினியில் சேர்த்து, நாளைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு புகை இருக்கும் என்று வரைபடம் போடுவது அவன் வேலை. அதில் மனைவி நிற்கும் இடம் கல்யாணமான நாளிலிருந்தே கருஞ்சிவப்புதான். மாற்றல் கேள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வருடம் சந்தியிலிருந்த கருவி திடீரென்று அவள் பணி நேரத்தில் பூஜ்யம் காட்டத் தொடங்கியது. கெட்டுவிட்டது என்று மேலதிகாரி புதிதாக ஒன்றை வைத்தார். அதுவும் பூஜ்யமே காட்டியது. அவள் வீடு திரும்பிய பிறகும் விடுப்பு எடுத்த நாட்களிலும் மட்டும் அளவு எகிறுவதைக் கணவன் கவனித்தான். சந்திக்கே சந்தோஷம், கடைக்காரர்கள் அவளுக்குக் குடை நட்டு நாற்காலி போட்டார்கள். அவன் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தான். காற்றை விட்டுப் போன கரி எங்காவது போய்ச் சேர்ந்துதானே ஆக வேண்டும்? அத்தனையையும் இவள்தான் உள்ளே இழுத்துக்கொள்கிறாளோ?

கெஞ்சிக் கூத்தாடி, பணி முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், பிறந்த குழந்தைக்குக்கூட இப்படி நுரையீரல் இருக்காது என்றார். அப்படியும் அவன் மனம் ஆறவில்லை. வீடு வந்ததும் அவள் வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினாள். இரண்டு கைப்பிடி கரித்தூள் பொலபொலவென்று கொட்டியது. எப்போதும் அவளுக்குப் பின்னால் வீடு வந்து சேர்கிறவன் என்பதால் அவன் இதைப் பார்த்ததே இல்லை.

"இது எத்தனை நாளா?"

"தினமும்தான் கொட்டுறேன். மட்டமான பூட்ஸுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா அதுக்கும் ஒரு படம் போடுவீங்க."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது.

மறுவாரமே தன் கணக்கில் காற்று, மழை, வெயில் ஆகியவற்றுக்குக் கீழே மனைவியின் பணி நேரத்தையும் சேர்த்தான். அதன் பிறகு கணிப்பு பிசகியதில்லை. காவல்துறை அவளை மாதத்துக்கு ஒரு சந்தியாக அனுப்பியது. எங்கள் பக்கம் எப்போது என்று பள்ளிக்கூடங்கள் கேட்டு நின்றன. இப்போதெல்லாம் வானிலைச் செய்தியில், மழைக்கு அடுத்தபடியாக, அவள் நாளை எங்கே நிற்பாள் என்று வாசிக்கிறார்கள். அந்த வட்டாரத்துக்காரர்கள் போர்வைகளைத் துவைத்து மாடியில் உலர்த்துகிறார்கள்.