ஒன்று தள்ளிப்போன அறுபது பேர்

1

இந்தக் கதை வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் செய்த தப்பு, வேறொருத்தி சுமந்த பழி. ‘நான்’ என்று தொடங்கி மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நாலாவது வரிக்குள் எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். ஆகவே இனி ‘அவன்’. அவன் நான்தான். அதைக் கடைசியில் திருப்பமாக வைத்துக் கைதட்டு வாங்கும் அருகதை எனக்கில்லை.

2

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், இரத்தப் பரிசோதனை லேபின்

(வேண்டாம். அன்று மழையே இல்லை. வாசகருக்கு என்மேல் இரக்கம் வரட்டுமென்று நானே வரவழைத்த மழை அது.)

அவன் அந்த லேபில் புரோகிராமர். பக்கத்து மேசை ஸ்டிக்கர் அக்காவுடையது. இரத்தக் குழாய்களில் எண் ஒட்டுவது அவள் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு குழாய் மாறியதில்லை. ஒட்டி முடித்ததும் ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படிப்பாள்.

“ஏன்க்கா, வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்களா?” என்பான்.

“நீ உன் பொட்டியத் தட்டுப்பா. இதுல மனுஷ ரத்தம் இருக்கு” என்பாள்.

3

கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினி மொழியில் அர்ரே என்றால் பல அறைகள் உள்ள அலமாரி. ஒவ்வோர் அறைக்கும் ஒரு சாவி. சாவி எண்ணாகவும் இருக்கலாம், ஒரு பெயரைப் போல எழுத்துகளாகவும் இருக்கலாம். எழுத்துச் சாவியை ஸ்ட்ரிங் என்போம், மேற்கோள்குறிக்குள் எழுதுவோம். குழாய் எண்களை அவன் "1", "2" என்று மேற்கோளுக்குள் போட்டான். பெயராகிவிட்டன என்று நம்பினான். அவன் பயன்படுத்திய மொழியோ, உள்ளே வெறும் இலக்கம் என்று கண்டால் மேற்கோளைக் கழற்றிவிட்டு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும்.*

அதனால் நெடுநாள் ஒரு கெடுதலும் வரவில்லை. மாலை ஷிப்ட் தொடங்கிய முதல் நாள், காலைப் பட்டியலோடு மாலைப் பட்டியலை இணைத்தான். இணைக்கும்போது அந்த மொழி எழுத்துச் சாவிகளைத் தொடாது; எண் சாவிகளைப் பூஜ்யத்திலிருந்து புதிதாக எண்ணிவிடும். 1 ஆக இருந்தது 0 ஆனது, 2 ஆக இருந்தது 1 ஆனது; 1-ஐக் கேட்டால் 2-இன் முடிவு வந்தது. அன்று இரண்டு வேளையும் சேர்த்து வந்த அறுபது பேரில் ஒவ்வொருவர் கையிலும் அடுத்தவருடைய ரிப்போர்ட். ஒன்றுமில்லாத ஒருத்தி ராத்திரியெல்லாம் அழுதாள். சர்க்கரை ஏறியிருந்த ஒருவர் நிம்மதியாகத் தூங்கினார். அறுபதாவது ஆளுக்கு வெற்றுக் காகிதம்.

* கையேட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அவன் படிக்கவில்லை.

4

எல்லாமே ஒன்று தள்ளி வந்தால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? ஒட்டியவள் முதல் குழாயை விட்டுவிட்டு ஒட்டியிருக்கிறாள் என்றுதான். பழைய குழாய்களை அழித்தாகிவிட்டது, சரிபார்க்க வழியில்லை. அறுபது பேரையும் திரும்ப வரச்சொல்லி இரத்தம் எடுத்தார்கள்.

“கண்ணு எங்கம்மா இருந்துச்சு?” என்றார் மேனேஜர், எல்லாரும் பார்க்க.

“படிச்சுப் பாத்தேன் சார்” என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, “பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்.”

அதற்கு அரைமணி முன்பே அவனுக்குத் தெரியும்.

சாவிகளின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தான். அவ்வளவுதான் திருத்தம், எண் பெயராகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இவன் ஓர் எழுத்தில் மறைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மாதக் கடைசியில் அவளாகவே வேலையை விட்டாள். போகும்போது அவனிடம் வந்தாள். “எல்லாரும் திட்டினாங்க. நீ மட்டும்தாம்பா ஒரு வார்த்தை சொல்லல. நல்லாயிருப்ப.”

[இங்கே அவன் முகம் வெளிறியதை ஒரு பத்தி வர்ணித்திருந்தேன். அடித்துவிட்டேன். வெளிறியதோடு சரி, வாயைத் திறந்தானா?]

5

இது நடந்து இரண்டு வருடமாகிறது. நேற்று அவள் போன் செய்தாள்.

“தம்பி, இங்க ஒரு லேப்ல கூப்புடுறாங்க. அதே ஒட்டுற வேலைதான். போகட்டுமா? இப்பல்லாம் வீட்டப் பூட்டிட்டு நாலு தடவை திரும்பி வந்து இழுத்துப் பாக்குறேம்பா. என் கண்ண என்னாலயே நம்ப முடியல. நீ சொல்லு. நீ சொன்னாப் போறேன்.”

“யோசிச்சு சொல்றேன்க்கா.”

“திங்கக்கெழமைக்குள்ள சொல்லணுமாம்.”

பக்கத்தில் இருந்த மனைவிக்கு எல்லாம் தெரியும். “ரெண்டு வருஷமா வாயில என்ன ஈயத்தக் காய்ச்சியா ஊத்தியிருந்தாங்க? மறுபடி போன் பண்ணுங்க” என்றாள்.

அவன் பண்ணவில்லை. கதை எழுத உட்கார்ந்தான்.

6

முடிவு அ: சொல்லிவிடுகிறான். அக்கா சிரித்து, “போடா பைத்தியக்காரா” என்று மன்னிக்கிறாள். (இது கதையல்ல, என் ஆசை.)

முடிவு ஆ: சொல்லிவிடுகிறான். அவள் கிழிகிழியென்று கிழிக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அத்தனையும் என் மனைவியின் வசவு. அக்காவுக்குத் திட்டத் தெரியாது. திட்டினால் தேவலை.)

முடிவு இ: “தைரியமாப் போங்கக்கா” என்கிறான், மற்றதை விழுங்கிவிட்டு. அவள் போகிறாள். ஒவ்வொரு குழாயையும் நாலு முறை

7

இல்லை, முடியவில்லை.

இன்று ஞாயிறு. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம்தான். உங்களில் யாரானாலும் நல்ல முடிவாகவே எழுதுவீர்கள். ஆனால் ஒன்று பாருங்கள், எவ்வளவு வெட்கக்கேடு: பதினோரு வருடம் ஒரு பிசகும் செய்யாதவள் அன்றும் செய்யவில்லை என்பது முன்பின் தெரியாத உங்களுக்கெல்லாம் இப்போது தெரியும். அவளுக்குத் தெரியாது.