சிலிக்கன் சுரண்டிய நாட்கள்

மிரியத்துக்கு இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து என்று வைத்தியர் சொன்ன கிழமையே அவள் கணவன் றோகான் ஒரு பழைய கரவனை வாங்கி வந்தான். காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் ஒற்றை அறை வீடு, ஐம்பது வயதிருக்கும். அதில் அவளைப் படுக்கவைத்து மலைநாட்டிலுள்ள பண்டாரவளைக்குக் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவள் முதன்முதலில் படிப்பிக்கப் போன ஊர் அது.

முதல் மழையிலேயே உள்ளே கட்டில் நனைந்தது. தகடுகள் சேரும் மூலைகளை மூடியிருந்த அலுமினியப் பட்டிகளின் அடியால் தண்ணீர் வந்தது. றோகான் கையில் கிடைத்த சிலிக்கன் பசையை ஓரமெல்லாம் அவசரமாக இழுத்துவிட்டான். அடுத்த மழையில் அது தோல் மாதிரி உரிந்தது.

“உதுக்கு ஆர் அண்ணை சிலிக்கன் பூசச் சொன்னது?” என்று கேட்டான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் சிவதர்ஷன். “வண்டி ஓடேக்கை தகடு ஆடும். கூடச் சேர்ந்து இழுபடுற பசைதான் வேணும். பொலியூரிதேன் கொண்டுபோங்கோ. ஆனால் சிலிக்கன் பட்ட இடத்திலை வேறை ஒண்டும் ஒட்டாது. பட்டியெல்லாம் கழட்டி, ஒரு பொட்டும் விடாமல் சுரண்டோணும்.”

“எத்தினை நாள் செல்லும்?”

“தனியாள் எண்டால் ரெண்டு கிழமை. பூசினாப்போலை காய ஒரு கிழமை விடுங்கோ.”

றோகான் சுரண்டத் தொடங்கினான். மிரியத்தை அவள் தங்கை ஜொய்சி பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குள் போனால் அவனுக்குச் செய்ய எதுவுமில்லை, மிரியத்தின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர. முற்றத்தில் வேலை இருந்தது. உள்ளங்கை கொப்புளித்தபோது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் மிரியம் ஜொய்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்னப்பா, நாளைக்கு வெளிக்கிடுவமே?”

“பட்டியெல்லாம் கழண்டு கிடக்கு. கொஞ்ச நாள் பொறும்.”

“சும்மா பூட்டிவிடுங்கோ. ஒழுகினால் ஒழுகட்டும். நனைஞ்சுகொண்டு போவம்.”

“அங்கை எந்த நேரமும் மழை. உம்மை நனைய விடேலுமே? சரியாச் செய்துபோட்டுக் கூட்டிக்கொண்டு போறன்.”

அவள் பிறகு கேட்கவில்லை.

பசை பூசிப் பட்டிகளை இறுக்கி ஐந்தாம் நாள், மிரியத்தால் எழும்ப முடியவில்லை. வாசல் படலையைக்கூடத் தாண்ட வேண்டாம் என்றார் வைத்தியர். மறுநாட்காலை பெருமழை கொட்டியது. றோகான் கரவனுக்குள் ஏறி மூலை மூலையாகக் கையால் தடவினான். எங்கும் காய்ந்து கிடந்தது. ஒரு துளியாவது வரட்டும் என்று காத்திருந்தான். வந்தால் மறுபடி கழட்டலாம், சுரண்டலாம். வரவில்லை. மெத்தையில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதான்.

“அத்தான், அக்கா முழிச்சிட்டா! கெதியா வாங்கோ!” என்று ஜொய்சி விறாந்தையில் நின்று கூப்பிட்டாள்.

அவன் மழைக்குள்ளால் ஓடினான். மிரியம் அவனுடைய ஈரத்தலையைப் பார்த்தாள்.

“மழையே?”

“ஓம்.”

“அண்டைக்கே போயிருக்கலாமப்பா.”

றோகான் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான். அவள் கண்களை மூடிக்கொண்டாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும் வரை அவளுக்கு மூச்சு இருந்தது.