பகுல்தலாத் தெருவுக்கு டிராம் வேண்டாம்

கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த நம் மனுஷர்கள் இரண்டு காரியத்தில் கெட்டிக்காரர்கள். ஒன்று, இங்கிலீஷில் பெடிஷன் எழுதுவது. இன்னொன்று, எழுதியதைத் தாங்களே படித்துப் படித்து ரசிப்பது. பொறாமையில் சொல்லவில்லை. பதினோரு குமாஸ்தாக்களுக்கு இரண்டு வேளையும் வடித்துக் கொட்டி, அவர்கள் பேச்சை ஐந்து வருஷம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் நான்.

எங்கள் மெஸ் கிடர்பூரில் பகுல்தலாத் தெருவில் இருந்தது. என் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் துறைமுகத்தில் கப்பலேறும் சணல் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலையில் இருந்தார். சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் தலைவர் பட்டாபிராமய்யர். ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். தன் டிராஃப்டில் துரை ஒரு கமாவைக்கூட மாற்றியது கிடையாது என்பார். படித்தால்தானே மாற்றுவதற்கு என்று நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே நினைத்துக்கொள்வேன்.

வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்களே, அந்த வருஷம். குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெரு வழியாக ஒரு கிளைப் பாதை போடப்போகிறார்கள் என்று பேச்சு. ஒருநாள் காலையில் சங்கிலியும் சிவப்புக் கொடியுமாக நாலு பேர் வந்து தெருவை அளந்துவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி இலையில் மோர் சாதம் விழும் வரைக்கும் வேறு பேச்சே இல்லை.

"அளக்கறானே, நம்மை ஒரு வார்த்தை கேட்டானா? வாசல்ல வண்டி நிக்குமாம். யார் யாரெல்லாம் எறங்குவா, என்னென்ன ஜாதி, எவனுக்குத் தெரியும்?" என்றார் பட்டாபிராமய்யர்.

"வந்தா சௌகரியம்தானே மாமா? ஆபீஸுக்கு அலையவேண்டாமே" என்றான் ராஜாராமன். வந்து ஆறு மாசம்தான் ஆன பிள்ளை. பெரியவர்களுக்கு முன்னால் நியாயம் பேசக்கூடாது என்று இன்னும் தெரியாது.

"சௌகரியம் பாத்துண்டா ஆசாரம் என்னாறது?"

ஆசாரமாம். குழாயில் தோல் வாஷர் இருக்கிறது என்று முதல் வருஷம் கங்கைத் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தவர். தூக்கி வந்த என் இடுப்புக்கு ஆசாரம் கிடையாது போலிருக்கிறது. ஆனால் அன்று எனக்கும் வயிற்றெரிச்சல். காலையில் கிரிபாலா என்கிற மீன்காரி தெருக்குழாயடியில் கூடையை அலம்பி, அந்தத் தண்ணீர் என் மடிப்புடவையில் தெறித்துவிட்டது. மறுபடி குளித்து, மறுபடி அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் நாழியாகிவிட்டது.

"ஒரு மீன்காரிக்கே இந்தப் பாடு. டிராம் வந்தா பத்து மீன்காரி வந்து எறங்குவா. அப்புறம் நான் மடியா ஒரு குடம் தண்ணி பிடிச்சாப்பலதான்!" என்று உள்ளே இருந்து கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாத்திரம் ஒழிக்கப் போய்விட்டேன்.

மறுநாளே பெடிஷன் தயார். இலையில் கை காய்ந்துகொண்டிருக்க, பட்டாபிராமய்யர் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மூன்று காரணங்கள் என்று விரல் விட்டுக் காட்டியது மட்டும் கதவிடுக்கில் தெரிந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. டிராம் ஓடினால் வீடு அதிரும், மழைக்காலத்தில் கம்பி அறுந்து விழுந்து உயிர் போகும் என்று இரண்டை மட்டும் ராஜாராமன் அப்புறம் சொன்னான். மூன்றாவதைக் கேட்டதற்கு, "அதெல்லாம் சும்மா மாமி" என்று நழுவிவிட்டான். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டாவது என் வீட்டுக்காரர்.

"ஏன்னா, நீங்க எதுக்குப் போட்டேள்?"

"பெரியவா சொல்றாளே" என்றார். முதுகெலும்பில்லாத மனுஷர். ஆனாலும் என் மனுஷர்.

டிராம் கம்பெனி அந்தப் பெடிஷனை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதுதான் கொடுமை. பாதையை அரை மைல் தள்ளி ஜோடாபுகூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். பட்டாபிராமய்யர் மகாயுத்தம் ஜெயித்த மாதிரி வந்து நின்று, "காமு, பாயசம் வை" என்றார். நானும் முந்திரி வறுத்துப் போட்டு வைத்துக் கொடுத்தேன். புத்தி கெட்டவள்.

ஜோடாபுகூர் அப்போது எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பாசி பிடித்த இரண்டு குளம், மூடிப்போன ஓர் எண்ணெய் ஆலை, இடிந்த செங்கல் சூளை. இருட்டினால் நரி ஊளையிடும். தண்டவாளம் விழுந்த ஒரு வருஷத்தில் ஒரு குளத்தைத் தூர்த்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். எண்ணெய் ஆலையில் மறுபடி புகை வந்தது. துறைமுகத்துக் கூலிகள் தூரத்திலிருந்து டிராமில் வேலைக்கு வந்துபோக ஆரம்பித்தார்கள். அவர்களை நம்பிப் பொரிக்கடை, பலகாரக் கடை, தையற்காரன், இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று வரிசையாக வந்தார்கள். காஸ் விளக்கு வந்தது, சாக்கடைக்கு மூடி வந்தது, பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட வந்தது.

பகுல்தலாவிலோ இருந்த பால்காரனும் அங்கே போய்விட்டான். வண்ணான் போனான். எங்கள் தெருவில் புதிதாக வந்தது முழங்கால் சேறு ஒன்றுதான். "சத்தமில்லாம எவ்வளவு நிம்மதியா இருக்கு பார்" என்பார் பட்டாபிராமய்யர். சொல்லிவிட்டு வேஷ்டியைத் தொடை வரைக்கும் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தச் சேற்றில் அரை மைல் நடந்து, ஜோடாபுகூரில் போய் அதே டிராமில் ஏறுவார். அதுவும் முதல் வகுப்பில். மற்றப் பத்துப் பேரும் பின்னாலேயே வாத்துக்கூட்டம் மாதிரி போவார்கள். ஒருத்தருக்காவது வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அடுத்த ஆடி மாசம் வரைக்கும். ஆடியில் துறைமுகத்தில் ஒரு சணல் பொதி சரிந்து என் வீட்டுக்காரரின் முழங்காலில் விழுந்தது. ஆறு வாரம் படுக்கை. எழுந்தபோது அந்தக் கால் மடங்கவில்லை, அவர் வேலையும் இல்லை. நின்று எண்ணுகிற வேலைக்கு நொண்டி எதற்கு?

ராஜாராமன்தான் தன் ஆபீஸில் சொல்லி, உட்கார்ந்தே எழுதுகிற வேலை ஒன்று பிடித்துக் கொடுத்தான். பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று சேரவேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவனுக்கு. டிராமில் ஏறிவிட்டால் ஆபீஸ் வாசலில் இறங்கலாம். ஏறவேண்டுமே. குதிரை வண்டி வைத்து தினம் போய்வர நாங்கள் ஜமீன்தார் இல்லை.

"பழகிண்டா நடந்துடலாம் காமு" என்று தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டு நாள் விழுந்து எழுந்து வந்தார். மூன்றாம் நாள் பாதி வழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. அந்த வழியாக வந்த கிரிபாலா கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. அவள் தலை மறைந்ததும், மீன்காரி தொட்டுவிட்டாள் என்று, நடுங்கிக்கொண்டிருந்த மனுஷரைக் கொல்லை உப்புக் கிணற்றடியில் உட்கார வைத்து நாலு வாளி பச்சைத் தண்ணீர் கொட்டினேன்.  அவர் மடங்காத காலை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பாதையை இன்னும் கொஞ்சம் நீட்டப்போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு வந்தது. நான் கதவுக்கு முன்னாலேயே வந்து நின்றேன். "வேண்டாம்னு எழுதின கைதானே? இந்தத் தெரு வழியா வேணும்னு எழுதுங்கோ" என்றேன். பட்டாபிராமய்யர் முதல் பெடிஷனைவிட நீளமாக எழுதினார். தெரு முன்னேறும், தொழில் பெருகும், கம்பெனிக்கும் லாபம் என்று ஜோடாபுகூரில் நடந்ததையெல்லாம் தான் கண்டுபிடித்தது போல அடுக்கியிருந்தாராம்.

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் பதில் வந்தது. பட்டாபிராமய்யர் நின்றபடியே படித்தார், தமிழில் சொன்னார். "முடியாதுங்கறான். ஏதோ சாக்கு எழுதியிருக்கான்" என்று மடிக்கப் போனார்.

"என்ன சாக்கு?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"ராஜாராமா, நீ வாசி" என்றேன். அவன் காகிதத்தை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே தமிழில் சொல்லிக்கொண்டு போனான். வீடு அதிரும் என்பதையும் கம்பி விழும் என்பதையும் எங்கள் எஞ்சினீயர்கள் அன்றே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது காரணத்துக்காகவே பாதையை மாற்றினோம். டிராமில் வரும் மீன்காரிகளால் தன்னால் சுத்தமாக ஒரு குடம் தண்ணீர்கூட எடுக்க முடியாது என்று, பன்னிரண்டு பேருக்குச் சமைக்கும் ஒரு கௌரவமான பெண்மணி கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பெண்மணியின் மனத்தை மறுபடியும் நோகடிக்கக் கம்பெனி விரும்பவில்லை.

நான் கண்ணீர் விடவில்லை. அது பட்டாபிராமய்யர் சேர்த்த மசாலா. மற்றதெல்லாம் என் வாயிலிருந்து வந்ததுதான். இரண்டு வருஷமாக இந்தப் பன்னிரண்டு பேரையும் மனசுக்குள் வைத்து நான் கரித்துக்கொட்டியது எல்லாம் ஒரே நிமிஷத்தில் என் தலையில் வந்து விழுந்தது.  என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். திண்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்ட அன்றே அவருக்கு அந்த மூன்றாவது காரணம் தெரியும். ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

மறுநாள் சேற்றில் இறங்கி ஜோடாபுகூருக்கு நானே நடந்தேன். டிராம் நிற்கிற இடத்தில் வாடகைக்குக் கிடைத்தது கோஷ் பாபு என்கிறவரின் வீட்டில் ஒரு பாகம்தான். முன்பக்கம் கிரிபாலா புதிதாகப் போட்ட மீன்கடை, பின்பக்கம் காலியாக இரண்டு அறையும் கிணறும். பெடிஷன் சமாச்சாரம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது போலிருக்கிறது. "வாடை வருமே, உனக்கு ஆகுமா மா?" என்று கேட்டார்.

"ஆகும்" என்றேன், எனக்குத் தெரிந்த வங்காளத்தில்.

அந்த வாரமே மெஸ்ஸை அங்கே மாற்றினேன். மீன்கடைக்குப் பின்னால் இலை போட்டால் உட்காரமாட்டேன் என்று பட்டாபிராமய்யர் பிரகடனம் செய்தார். நாலு நாள் பொரியும் வாழைப்பழமும் தின்றார். ஐந்தாம் நாள் ராத்திரி வந்து, மூக்கில் அங்கவஸ்திரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆபீஸ் திறந்த அன்று காலையில் என் வீட்டுக்காரர் தடியோடு வாசலுக்கு வந்தபோது டிராம் கிளம்பிவிட்டது. கிரிபாலா கடையிலிருந்து பாய்ந்து, "ரோக்கே! ரோக்கே!" என்று தெருவே அதிரக் கத்தி வண்டியை நிறுத்தினாள். செதில் ஒட்டிய கையால் அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அவர் படியில் நின்றபடி, பயந்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது வெந்நீர் போட்டு வைத்திருந்தேன். மேல்வேஷ்டியைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வெந்நீர் காலுக்கு ஒத்தடம் கொடுக்க.