அரம் தேய்த்த வரி

"தேயுங்கன்னா தேயுங்க! வெள்ளிக்கிழமை அவங்க வரும்போது அந்த இங்கிலீஷ் எழுத்து அதுல இருக்கக் கூடாது!"

"அழகுக்கு அடிச்ச எழுத்து இல்ல சைதா. கருமருந்து மட்டும்தான் போடணும்னு எழுதியிருக்கு. அத அழிச்சிட்டா நாளைக்கு எடுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"எடுக்கிறவன் யாரு? இந்த வீட்டுல காக்கா விரட்டக்கூட நீங்க கையத் தூக்கினது இல்ல!"

ரங்கூன் லான்மடாவில் அந்தக் கட்டடத்துச் சுவர்கள் பேருக்குத்தான் சுவர்கள். மூன்றாம் மாடியில் சைதா குரல் உயர்த்தினால், தெருமுனையில் மோஹிங்கா என்கிற மீன்சாறுச் சேமியா விற்கிற பர்மாக்காரி கரண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். தமிழ் தெரியாத அவளுக்கே பாதி புரியும் என்றால், அதே படிக்கட்டில் ஏறி இறங்கும் குடித்தனக்காரர்களுக்கு மீதியும் புரிந்ததில் என்ன ஆச்சரியம்?

சண்டைக்குக் காரணம், கூடத்துச் சுவரில் தொங்கிய ஒரு துப்பாக்கி. தோட்டா செருகுகிற ரகமில்லை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கிட்டித்துச் சுடுகிற பழைய காலத்து ரகம். ஆனால் பழசு அதன் மாதிரி மட்டும்தான். சைதாவின் புருஷன் ரஹ்மத்துல்லா கப்பலில் பிட்டராக இருந்த நாளில் இத்தாலியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தார். உள்ளே குழல் தனியாக, மருந்தைப் பற்றவைக்கத் தட்டுகிற குதிரை தனியாக, விசை தனியாக, செதுக்கி முடிக்காத மரக்கட்டை ஒன்று. வீட்டிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டியது. லீவில் வந்தபோதெல்லாம் மனிதர் அந்தக் கட்டையை மடியில் கிடத்திக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தார், எண்ணெய் பூசினார், மறுபடி தேய்த்தார். மகள் இன்ஷாவைத் தொட்டிலில் ஆட்டியதைவிட அதைத் தடவியதுதான் அதிகம் என்று சைதாவே சொல்லுவாள். வார்டு அலுவலகத்துக்காரர் கூட ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, சுவர் அலங்காரம்தானே என்று டீ குடித்துப் போனார்.

அலங்காரமாகவே இருந்திருக்கும். ஆனால் இன்ஷாவுக்கு நகரத்தின் வடகோடி இன்சீனிலிருந்து வரன் வந்தது. பையன் அஜ்மல், தகப்பன் இல்லாதவன், சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தான். இன்ஷாவுக்கும் பிடித்துவிட்டது. பிடித்தது எப்படி என்று வீட்டார் விசாரிக்கவில்லை, படிக்கட்டு விசாரித்து வைத்திருந்தது. முடிவெடுக்கிறவர் அவனுடைய தாய்மாமன் கபீர். பழைய சாமான் வியாபாரி. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தே எந்த ராணி காலத்தது என்று சொல்லிவிடுவார். தப்பாகச் சொன்னாலும் அழுத்திச் சொல்லுவார். குடும்பங்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். முதல் தடவை வந்தபோது கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "ரங்கூன்ல எத்தனை தலைமுறை?" என்று உதட்டைப் பிதுக்கினார். சைதாவுக்குச் சுருக்கென்றது. சுவரைக் காட்டி, அவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்று விளித்து, "எங்க வாப்பாவோட பாட்டனார் ஐராவதியில படகு ஓட்டினப்போ ஸ்டீமர் கப்டன் குடுத்தது காக்கா, அது" என்று சொல்லிவிட்டாள். கபீரின் கண் விரிந்தது. வெள்ளிக்கிழமை சாவகாசமாக வந்து கையில் எடுத்துப் பார்க்கிறேன் என்று போனார்.

அதனால்தான் அரம். குழலில் அடித்திருந்த அந்த எழுத்தைப் பார்த்தால் இந்தக் காலத்துக் கம்பெனிச் சாமான் என்று தெரிந்துவிடுமே. ரஹ்மத்துல்லா கடைசியில் தேய்த்தார். தேய்த்த இடம் வெள்ளிக் காசு மாதிரிப் பளபளத்தது. சைதா உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றிவைத்து, துருவேற்றி, ஊரே மெச்சும் பாட்டனார் சொத்தாக்கினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அஜ்மலையும் கூட்டிக்கொண்டு கபீர் வந்தார். குழலுக்குள் எட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், துருவை நகத்தால் சுரண்டினார். "உள்ளுக்குப் புரிப்புரியா ஓடுது பாரு, ரைபிள். நூத்தம்பது வருஷத்துக்குக் கொறையாது," என்றார். திருகாணிகளைப் பார்த்து மட்டும் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். பிறகு தாமே, "இது பின்னாடி மாத்தினது," என்று சைதாவுக்கு வேலை வைக்காமல் முடித்துக்கொண்டார். கட்டையைத் தடவியபோது குரலே மாறிவிட்டது.

"இந்த மர வேலையப் பாருங்க மச்சான். இது இன்னைக்கு உள்ளவன் கை இல்ல. அந்தக் கை மண்ணுக்குப் போயிருச்சு."

ரஹ்மத்துல்லா தம் கைகளைப் பார்த்தார். பிறகு, தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்த சைதா, குழாயடியில் வெறும் டம்ளரோடு அவர் நிற்பதைக் கண்டாள். ஆனால் வெளியே பூவும் வெற்றிலையும் மாறுகிற நேரம். துக்கத்துக்கு அப்போது யாருக்கு ஓய்வு?

புறப்படும்போது கபீர் துப்பாக்கியைக் கீழே வைக்கவே இல்லை. சைதா முந்திக்கொண்டாள். "மாப்பிள்ளைக்குத்தான காக்கா, எடுத்துட்டுப் போங்க."

"மாப்ள, எப்பவாச்சும் சுடுறதா இருந்தா..." என்று ரஹ்மத்துல்லா ஆரம்பித்தார்.

"யாரு சுடப் போறா? செவுத்துல மாட்டுறதுக்கு!"

"இல்ல, மருந்து..."

"இவருக்கு என்ன தெரியும்! எங்க பாட்டனார் சாமான் அது. நீங்க எடுத்துட்டுப் போங்க தம்பி."

அஜ்மல் மாமனாரைப் பார்த்துச் சிரித்தான். அவர் வாய் திறந்தபடி நின்று, மெல்ல மூடிக்கொண்டது. அந்த வாயை மூட வைத்தது தான்தான் என்பது சைதாவுக்கு அப்போது ஒரு வெற்றியாகவே பட்டது.

கபீருக்கு அதைச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை. நூற்றைம்பது வருஷத்துச் சாமான் இன்னும் பேசுகிறதா என்று பார்க்க ஆசை. க்யிம்யிண்டைங் படித்துறையில் சம்பான் படகு பிடித்து, மாமனும் மருமகனும் அக்கரை வயல்வெளிக்குப் போனார்கள். மருந்து எங்கே வாங்கினார்? இந்தக் காலத்துத் தோட்டாவை உடைத்து எடுத்த, கருமருந்தைவிடப் பல மடங்கு வேகமான மருந்து, யாரோ தெரிந்தவன் கொடுத்தானாம். "நல்ல சரக்கு," என்று தட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பார். அதைக் கொட்டிக் கிட்டித்தார்கள். அஜ்மல் விசையை இழுத்தான். குண்டு போனதோ இல்லையோ, குழல் அடியில் வாழைப்பூ மாதிரி விரிந்தது. அவனுடைய இடது கையில் இரண்டு விரல்கள் அந்த வயலிலேயே போய்விட்டன.

துப்பாக்கி என்றால் போலீஸ் வரும் என்று, ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஜெனரேட்டர் வெடித்தது என்றார்கள். தொண்ணூற்றாறில் ரங்கூனில் கரண்ட் இருந்த அழகுக்கு, ஜெனரேட்டர் என்றால் டாக்டர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

செய்தி வந்த அன்று மூன்றாம் மாடியில் சண்டை இல்லை. அதுதான் படிக்கட்டுக்குப் பயமாக இருந்தது. ரஹ்மத்துல்லா அரத்தை எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தப் பெட்டி மூடிய சத்தத்துக்குச் சைதா அடி வாங்கியவள் மாதிரிக் குனிந்தாள்.

கட்டோடு அஜ்மலைக் கூட்டிக்கொண்டு கபீர் வந்தார். தோளில் ஒரு தலையணை உறை. அதை அவிழ்த்து உடைந்த துண்டுகளைப் பாயில் பரப்பிவிட்டு, பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

"தங்கச்சி, உன் பாட்டனார் சொத்த நாசம் பண்ணிட்டேன். மன்னிச்சிரு."

பிளந்த குழலில், துருவுக்குள்ளிருந்து அரம் போன தடம் கோடு கோடாகச் சைதாவையே பார்த்தது.

"அந்தக் காலத்து இரும்பு, இந்தக் காலத்து மருந்தத் தாங்குமா? எனக்குல்ல புத்தி இருந்திருக்கணும்? எந்த மருந்து போடணும்னு அதுல எழுதியா வச்சிருக்கு, நாந்தான யோசிச்சிருக்கணும்!"

எழுதித்தான் வைத்திருந்தது. சைதா புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமில்லாமல், சொல்லேன் என்பது போல.

"விரல் போன பையனுக்குப் பொண்ணு குடுக்கணும்னு கட்டாயமில்ல," என்றார் கபீர். "நீ வேணாம்னா நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

"மாமி, உங்க வீட்டு சாமான காப்பாத்தத் தெரியல எனக்கு," என்றான் அஜ்மல், கட்டுப் போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டு.

கதவோரம் இன்ஷா உம்மாவின் வாயையே பார்த்து நின்றாள். உண்மையைச் சொன்னால் இந்த வரன் எழுந்து போகும். சொல்லாவிட்டால் அந்தக் கை ஆயுசுக்கும் எதிரே உட்காரும். சைதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கல்யாணம் குறிச்ச தேதியில நடக்கும் காக்கா."

அவ்வளவுதான் வந்தது. ரஹ்மத்துல்லா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கபீர் அவள் பெருந்தன்மையை நினைத்து மறுபடி அழுதார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

படிக்கட்டு முழுக்கத் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்கு மூன்று மாடிக்கும் பிரியாணி வந்தது. அதைத் தின்ற வாயால் என்னவென்று சொல்லுவது?

இன்ஷா இன்சீனுக்குப் போனாள். மாதம் திரும்புமுன் ரஹ்மத்துல்லாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். மருமகன் கடையில் நட்டு முடுக்க இடது கைக்கு ஆள் வேண்டுமாம். விட்டுட்டுப் போயிட்டார் என்று சிலர் சொன்னார்கள். சைதா மறுத்ததில்லை. வெள்ளிதோறும் நகரத்தைச் சுற்றி ஓடும் வட்டரயிலில் மீன் குழம்போடு போவாள். மருமகன் தட்டில் வைக்குமுன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள். "வலது கை நல்லாத்தான உம்மா இருக்கு?" என்று இன்ஷா சிரிப்பாள். சைதா அந்தக் கையையும் பார்க்கமாட்டாள், இந்தக் கையையும் பார்க்கமாட்டாள், முள்ளைத்தான் பார்ப்பாள். கபீர், தம் மகன் அழைத்தான் என்று, கடையை விற்றுவிட்டுப் பினாங்குக்குப் போனார். போகிற இடத்திலெல்லாம் அந்த ஸ்டீமர் கப்டன் கதையைச் சொல்லுகிறாராம். மூன்றாம் மாடியை ஒரு சீனக் குடும்பம் வாங்கியது. சைதாவும் இன்சீனுக்கே போய்விட்டாள். அங்கே ரஹ்மத்துல்லா கடைக்குள்ளேயே படுக்கிறார், அவள் வீட்டில் படுக்கிறாள்.