இத்தா இருந்த முற்றம்

1912ஆம் வருஷம் ஆடி மாதம் மனைவி ஸல்மா மௌத்தாகி அடக்கமான நாளிலிருந்து, பதுளைக் கடைத்தெருவில் படம் பிடிக்கும் இத்ரூஸின் வீட்டு முற்றத்தில் மட்டும் விடியவில்லை. தெருவில் வெயில் அடித்தது, மாட்டுவண்டிகள் பசறைக்குப் போயின. பின்கதவைத் திறந்தால் கிணறும் கொடிக்கயிறும் இருட்டில் கிடக்க, மேலே நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. விளக்கு கொண்டுபோனால் சுடர் நின்றதே தவிர வெளிச்சம் விழவில்லை. ஒரு மாதத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. பக்கத்து வீட்டார் பால் கெடாமலிருக்க அங்கே வைத்தார்கள். நோன்பு மாதத்தில் துணிக்கடை ஸலீம் நண்பகலிலேயே பேரீச்சம்பழத்தோடு வந்து நிற்க, "இது நோன்பு தொறக்குற இருட்டில்ல, கடையப் பாருங்க" என்று பள்ளிவாசல் லெப்பை விரட்டிவிட்டார்.

இத்ரூஸை நானா என்று கூப்பிடும் தங்கை காமிலாதான் முதலில் நாட்களை எண்ணினாள். "புருஷன் மௌத்தானா பொஞ்சாதி நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம இத்தா இருக்கணும். ஆம்பிளைக்கு ஏது இத்தா, நானா?"

"நான் இருக்கல்ல. இருட்டுதான் இருக்குது."

அந்தக் கெடு முடிந்தால் இருட்டு எழுந்து போய்விடும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஊரிலுள்ள முகங்களையெல்லாம் கண்ணாடித் தகட்டில் பிடித்தவரிடம் மனைவியின் படம் ஒன்றுகூட இல்லை. படப்பெட்டியை அவள் பக்கம் திருப்பினாலே முக்காட்டை இழுத்துவிட்டு, "நீங்க பாக்குறீங்கதானே, போதாதா?" என்பாள். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய மறுநாள் அந்த முகம் அவருக்கு நினைவில் வர மறுத்தது. மூக்கு வந்தால் கண் போயிற்று. கண்ணுக்கு எட்டாததையும் தகடு மெல்லமெல்லச் சேர்த்துக்கொள்ளும் என்பதைத் தொழில் அவருக்குக் காட்டியிருந்தது. அவளுக்காக நிற்கும் இரவில் அவளும் இருந்தே ஆகவேண்டும் என்று, பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிப்போய் வானத்தைப் பார்த்து வைத்தார்.

ஆட்களுக்குப்போல நாலு எண்ணித் திறந்து மூடினார், தகட்டில் ஒன்றுமில்லை. ஒரு மணிநேரம் திறந்துவைத்தார். நட்சத்திரங்கள் பூனை பிறாண்டியதுபோல் கீறலாய் விழுந்தன. பழக்கதோஷத்தில் "ஆடாம இருங்க" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பண்டாரவளை வரை ரயிலிலும் பிறகு வண்டியிலும் வந்த தகடுகளில் பாதி உடைந்திருந்தன. வில்லையில் பனி படிந்தது. கரிச்சட்டியின் சூட்டில் அதை உலர்த்தினார். எட்டத்தில் இருப்பது கலங்காமல் விழ, பகலில் தெருவுக்குப் போய் வில்லையை முன்பின் நகர்த்தி, நமுனுகுல மலையுச்சி துல்லியமாகத் தெரிந்த இடத்தில் பெட்டியில் ஆணியால் கீறி வைத்துக்கொண்டார்.

வானம் நிற்காவிட்டால் பெட்டிதான் கூட நகரவேண்டும். தெமோதரைத் தோட்டத்துத் தச்சன் அழகையா வந்து இரண்டு பலகைகளைக் கீலால் சேர்த்து, ஒன்றை மெல்ல உயர்த்தும் திருகாணியும் வைத்துக் கொடுத்தான்.

"ஏங்க மொதலாளி, நட்சத்திரத்துக்கா கதவு போடுறீங்க?"

"ஆமா."

"தாழ்ப்பா உள்ளுக்கா, வெளியிலயா?"

இத்ரூஸ் பெட்டியை அந்தப் பலகைமேல் ஏற்றிக் கட்டினார். திருகும் வேகம் கைக்குப் பிடிபட எழுபது நாள் போயிற்று. காமிலா கொண்டுவந்து வைத்த சோற்றைப் பூனை தின்றது.

கடைசி நாளில் மிஞ்சியிருந்தது ஒரே தகடு. பெட்டியைக் கிணற்றுக்கு மேலே, வானம் தொடங்கும் இடத்துக்குத் திருப்பி, நாலு மணிநேரம் மயிரிழை மயிரிழையாகத் திருகினார். தகட்டைக் கழுவி நிமிர்ந்தபோது முற்றத்தில் விடிந்துகொண்டிருந்தது. அந்த முதல் வெயிலிலேயே தகட்டைப் படம் விழும் தாளோடு சேர்த்து வைத்தார். படம் மெல்லக் கறுத்தது. நட்சத்திரங்கள் அத்தனையும் புள்ளி புள்ளியாய் விழுந்திருந்தன. பெட்டி நகர்ந்ததால் மண்ணிலிருந்தவையெல்லாம், கிணறும் சுவரும் கொடிக்கயிறும், இழுபட்டுக் கலங்கியிருந்தன. கிணற்றடியில் நின்ற பெண் மட்டும் கலங்கவில்லை. அவள் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறாள். முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள்.

இத்ரூஸ் தாளைத் தங்கையிடம் நீட்டினார். "யாருண்டு தெரியுதா?"

காமிலா பார்த்தாள். "மூடிக்கிட்டுத்தானே நிக்கிறா. அவதான், நானா."

பிறகு காமிலா நாலு மாதத் துணிகளையும் துவைத்துக் கொடியில் போட்டாள். மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டன.