நாற்பதில் மூன்று செடி

விதைக்கடைக்காரருக்குக் கடைத்தெருவில் 'சிட்டிகை' என்று பெயர். தராசு நேராக நின்ற பிறகும் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை விதையைக் கொசுறாகப் போடாமல் பொட்டலத்தை மடிக்க மாட்டார். எதிர்க்கடைக்காரன் அளவில் குறைப்பான், இவர் கூட்டுவார். கூட்டம் எந்தக் கடையில் நிற்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். கொடுக்கிற கை என்று தெருவே புகழும். அது தாராளமில்லை, தொழில் என்பது அவருக்கு மட்டும் தெரியும். வாங்கினவன் பொட்டலத்தை மறப்பான், கொசுறை மறக்க மாட்டான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் பேரமே செல்லாத ஓர் இடத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.

காய்கறி ரகங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் சோதனைத் தோட்டம் அது. புதிதாக ஒரு கத்தரி வைத்திருக்கிறேன், வெண்டை வைத்திருக்கிறேன் என்று யார் வந்தாலும் விதையை வாங்கி வைத்து, விதைத்து, மூன்றே மூன்று கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே இருக்கிற ரகங்களுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா? எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? அடுத்த தலைமுறையிலும் இதேபோல் வருமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ரகத்தின் பெயர் பதிவேட்டில் ஏறும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வந்த வழியே போக வேண்டியதுதான்.

சோதனைக்கு வந்திருந்தது அவருடைய கத்தரிகூட இல்லை, அவர் மனைவியுடையது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடைக்குப் பின்புறப் பாத்தியில் ஒரு செடி மட்டும், கைப்பிடிக்குள் அடங்குகிற குண்டுக் காயாக, நல்ல கருநீலத்தில் காய்த்தது. அவர் அதைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அந்த அம்மாள் போகவில்லை. பூவுக்குப் பூ துணிப் பை கட்டித் தேனீயை விரட்டினாள். விதை எடுத்தாள், விதைத்தாள், தாய்ச்செடியைப் போல் இல்லாத செடியையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். பூத்து நிற்கிற செடியைப் பிடுங்குகிறாயே என்று கணவர் அங்கலாய்த்தால், "இரக்கம் பார்த்தா ரகம் நிக்காது" என்பாள். இப்படி ஒன்பது வருடம். விண்ணப்பத்தில் உருவாக்கியவர் என்ற இடத்தில் அவள் பெயர்தான். கணவர் துணைக்கு வந்தவர்.

விண்ணப்பித்தவர்கள் வந்து தங்கள் செடிகளைப் பார்க்கலாம் என்று அலுவலகம் ஒருநாள் குறித்திருந்தது. பரிசோதகர் என்ற அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். மேலங்கியில் ஆறு பை, ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுதம்: அளவுகோல், நாடா, கத்தி, பூதக்கண்ணாடி, பென்சில், சீட்டுக்கட்டு மாதிரி விரிகிற நிற அட்டைகள். அந்தக் கட்டில் ஊதாவே ஐம்பது விதம் இருந்தது. துணிக்கடையில்கூட இத்தனை ஊதாவை ஒருசேரக் காட்ட மாட்டார்கள்.

அவர் கையிலிருந்த படிவத்தை விதைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காயின் அளவு என்ற இடத்தில் 5 என்று இருந்தது.

"அஞ்சுன்னா என்னங்க மேடம்?"

"நடுத்தரம். சின்னதுக்கு மூணு, பெரிசுக்கு ஏழு."

"நல்ல காயாச்சே. பார்த்து ஒரு ஆறு போடுங்க."

"நூறு கிராம் இருக்கு. நடுத்தரம்தான்."

"நீங்க கொஞ்சம் ஏறுங்க, நான் கொஞ்சம் இறங்கறேன். அஞ்சரை?"

மனைவி அவர் முழங்கையில் இடித்தாள். "இது மார்க் இல்லீங்க, அடையாளம். கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க."

பரிசோதகர் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. நேராக அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னார். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். வாங்க."

நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துச் செடி. ஊதாத் தண்டும் குண்டுக் காயுமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையில் நிற்பதுபோல நின்றன. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. இரண்டாம் வரிசையில் ஒன்று, நாலாம் வரிசையில் இரண்டு, ஆக மூன்று செடிகளில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. மூன்றுக்கும் தண்டு பச்சை. காய் நீளம். நுனியில் வெளிர்ப்பச்சை.

"நாற்பது செடியில ரெண்டு மாறி இருந்தா பரவாயில்லன்னு விடலாம். மூணு இருக்கு," என்றார் பரிசோதகர். "விதி அப்படி. ஒரே சீரா இல்லன்னுதான் நான் எழுத வேண்டியிருக்கும்."

"ஒரு செடிதானே மேடம் கூட," என்று விதைக்கடைக்காரர் ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம் செடி சேர்த்து வெச்சுக் கணக்குப் பார்த்தா…"

"ஏங்க, சும்மா இருங்க." மனைவியின் குரல் இறங்கியிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பேரத்தில் எதிராளியின் முகத்தை வைத்தே மனக்கணக்குப் போடுகிறவர் அவர். அந்த முகத்தில் கணக்கே இல்லை. அவள் குனிந்து மஞ்சள் நாடாவைத் தொட்டாள்.

"போன நாலு வருஷமா ஒண்ணுகூட இப்படி வந்ததில்ல. நான்தான் எங்கியோ கவனிக்காம விட்டுட்டேன் போல. ஏதோ ஒரு பூவுக்குப் பை சரியாக் கட்டலையோ என்னவோ."

அவளுக்கு ஆறுதல் சொல்லலாமென்று அவரும் குனிந்தார். அப்போதுதான் காயைக் கிட்டத்தில் பார்த்தார். பச்சை நுனி. காம்பில் குட்டி முள். லேசாக வலப்பக்கம் வளைகிற நீளம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஆடிவிட்டது. பதினாறு வருடமாக அவர் கடையில் விற்கிற நீளக் கத்தரி அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்வார்.

விதை அனுப்பிய காலை அவர் கண்முன் வந்து நின்றது. மனைவி கடை மேசையில் சின்னத் தராசை வைத்து, மூச்சைக்கூட விடாமல் இருபது கிராம் நிறுத்தாள். அலுவலகம் கேட்டது அவ்வளவுதான். உறையில் போட்டுவிட்டுப் பசை எடுக்க உள்ளே போனாள். உறை அவருக்கு ஒல்லியாகத் தெரிந்தது. நம் கடையிலிருந்து போகிற பொட்டலம் இப்படியா கஞ்சத்தனமாகப் போவது? பக்கத்தில் இரண்டு பிஸ்கட் டப்பா, இரண்டிலும் கத்தரி விதை. இரண்டு விரல் தானாகப் போய் ஒன்றுக்குள் நுழைந்து தானாகத் திரும்பி வந்தது. கண் இமைத்ததை யாராவது நினைவு வைத்துக்கொள்வார்களா? அவரும் வைத்துக்கொள்ளவில்லை.

எந்த டப்பா என்று இப்போது தெரிந்தது.

யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் ரகம் தோற்கும், அவர் தப்பிப்பார். சொன்னால் ரகம் பிழைக்குமோ என்னவோ, அவர் நிச்சயமாகப் பிழைக்க மாட்டார். வியாபாரி மூளை இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தது. மனைவி இன்னும் அந்தச் செடியிடம் மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரிக் குனிந்தே இருந்தாள். ஒன்பது வருடத்தில் ஒரு பூவைக்கூட விடாதவள், விடாத பூவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் போட்டேன்," என்றார்.

"என்னத்தை?" இரண்டு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"கொசுறு."

மனைவி நிமிர்ந்தாள். மெதுவாகத்தான் நிமிர்ந்தாள். அந்த வேகக்குறைவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அரசாங்கத்துக்கு… கொசுறா?"

"கை பழகிடுச்சு. உன் டப்பான்னுதான் நெனச்சேன். கடை டப்பால கையை விட்டிருக்கேன். கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும். இதோ வந்து நாடா கட்டிக்கிட்டு நிக்குது."

பரிசோதகர் பென்சிலைக் காதில் செருகினார். "ஐயா, தோத்துப்போறவங்க எல்லாரும் எங்கிட்ட ஒரு கதை சொல்லுவாங்க. காத்துல பறந்து வந்துச்சு, எலி கொண்டாந்து போட்டுச்சு, பக்கத்து வீட்டுக்காரன் சூனியம் வெச்சுட்டான். கொசுறு மட்டும் இப்பதான் முதல் தடவை. கதை நல்லா இருக்கு. ஆனா ஆதாரம்?"

நாற்பது வருட வியாபாரத்தில் முதல் முறையாகத் தன் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய நிலை அவருக்கு. உண்மையைச் சொல்லியும் போணியாகவில்லையே என்று விழித்தார்.

கை கொடுத்தது மனைவிதான். "நீங்க வாங்கும்போது நிறுத்தீங்களா?" என்று பரிசோதகரைக் கேட்டாள்.

"வர்ற எல்லா விதையையும் நிறுப்போம்."

"நான் அனுப்பினது இருபது. ஒரு பொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. உங்க பதிவேட்டுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க."

அலுவலக அறைக்குப் போனார்கள். ஜன்னல் ஓரமாகக் காய்ந்த பூசணிகள், அட்டைப் பெட்டிகள், ஒரு பழைய மின்விசிறி. பரிசோதகர் தடித்த பதிவேட்டைப் புரட்டி விரலை ஒரு வரியில் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார்.

"இருபத்தொன்றரை."

"ஒன்றரை கிராம்," என்றார் விதைக்கடைக்காரர் பெருமையாக. "என் சிட்டிகை எப்பவும் ஒன்றரைதான். மாறவே மாறாது."

"பெருமையைப் பாரு," என்றாள் மனைவி.

பரிசோதகர் பென்சிலை எடுத்து ஒரு தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். இருபத்தொன்றரையில் ஒன்றரை என்றால் நாற்பதில் எத்தனை? கிட்டத்தட்ட மூன்று. தாளை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார். ஆனாலும் எழுந்தார். "இன்னும் ஒண்ணு பாக்கி. வெளிய வாங்க."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தெரிந்த ரகங்களையெல்லாம் தோட்டத்தின் மறுகோடியில் நட்டிருந்தார்கள். பதினெட்டு வரிசைக் கத்தரி. பெயர் கிடையாது, எண் மட்டும். "இதுல உங்க கடை ரகம் எது?"

விதைக்கடைக்காரர் சந்தைக்குள் நுழைந்தவர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நாலாவது வரிசையில் நின்றார், தலையாட்டினார், கடந்தார். பதினொன்றில் காயை உள்ளங்கையில் ஏந்தினார். "இவன்தான்."

மஞ்சள் நாடாச் செடியிலிருந்து காயோடு ஒரு கிளையைப் பரிசோதகர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நீளம், முள், பச்சை நுனி, தண்டு, இலை விளிம்பு என்று பத்து அடையாளம் பார்த்தார். பத்தும் ஒன்று.

"ரகத்து மேல தப்பு இல்லைன்னு எழுதறேன்," என்றார். "விதை கலந்துடுச்சு, அவ்வளவுதான். ஆனா இந்த வருஷச் சோதனை செல்லாது. புது விதை அனுப்பணும். முதல்லேர்ந்து ஆரம்பம். ஒரு வருஷம் போச்சு."

"ஒரு வருஷத்தை ஆறு மாசமா…" என்று வாய் திறந்தவர், நான்கு கண்களையும் பார்த்து மூடிக்கொண்டார்.

வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார்கள். நடந்ததை எழுதினார். கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. வெகுநேரம் யோசித்துப் 'பழக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பரிசோதகர் அந்த அம்மாளின் குண்டுக் கத்தரி ஒன்றை எடுத்து, காம்போடு சேர்ந்த பச்சைத் தொப்பியைக் கத்தியால் மெல்ல உரித்துக் காட்டினார். "பதினெட்டு வரிசையிலயும் தொப்பிக்கு அடியில வெள்ளையாத்தான் இருக்கு. வெயில் படாத இடம் இல்லையா? உங்களுதுல பாருங்க, அங்கயும் ஊதா. இதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தீங்களா?"

"தொப்பியைத் தூக்கி நான் பார்த்ததே இல்லீங்க."

"முப்பத்தேழு செடியிலயும் அப்படித்தான். மில்லிமீட்டர் பிசகல. இப்படி ஒரே சீரா நான் பார்த்து ரொம்ப நாளாச்சு." சொல்லிவிட்டுப் பரிசோதகர் அடுத்த விண்ணப்பக்காரரைக் கூப்பிடப் போய்விட்டார். புகழ்ச்சியிலும் அவரிடம் கூடுதல் கிடையாது.

திரும்பி வரும் பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவர் இரண்டு நிறுத்தம் வரை பொறுத்தார்.

"கோபமா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எத்தனை நாளைக்குன்னு சொல்லிடு. அதுக்கு ஏத்த மாதிரி நானும் இருந்துக்கறேன்."

"விதை முளைக்கிற வரைக்கும் உங்ககிட்ட பேச மாட்டேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த மொழி. "எந்த விதை?"

"மிளகாய்."

"அடிப்பாவி, ரெண்டு வாரம் ஆகுமே! முள்ளங்கின்னு வெச்சுக்கோ. மூணே நாள்."

"ஒன்பது வருஷத்துக்கு முள்ளங்கியா? கத்தரி."

"கத்தரிப் பேச்சே வேணாம், இன்னைக்குப் போதும். வெள்ளரி?"

"தக்காளி. அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்."

தக்காளி என்றால் ஆறு நாள். வெயில் நன்றாக அடித்தால் ஐந்து. கட்டுப்படியாகும் என்று அவருக்குத் தோன்றியது. தலையாட்டினார். பேரம் முடிந்தது. அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேருந்து ஒரு திருப்பம் திரும்பியது. பாலத்தைக் கடந்தது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவர் சட்டைக்கையை ஏதோ பிடித்து இழுத்தது.

"ஏங்க, தொப்பிக்கு அடியிலகூட ஊதாவாம்! பதினெட்டு ரகத்துலயும் கிடையாதாம், நம்மதுல மட்டும்தானாம். ஒன்பது வருஷமா கூடவே இருக்கேன், எனக்கே தெரியல பாருங்க!"

அவள் கண்ணும் முகமும் அப்படிச் சிரித்தன. ஒப்பந்தம் முறிந்துபோனதை எடுத்துச் சொல்லிக் கையில் வந்த லாபத்தைக் கெடுத்துக்கொள்கிற வியாபாரி இல்லை அவர். "அப்படியா! எங்க, முதல்லேர்ந்து சொல்லு," என்று அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.