வெளியே விடாத பிள்ளை

டாக்டர் வினோதினி மர்ஜியாவின் கவுனை நெஞ்சுவரை தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து மீண்டது. இர்பானாவும் கூடவே எண்ணப் பார்த்தாள். முப்பதுக்கு மேல் தப்பிப்போனது.

"ஆக்சிஜன் வைக்கணும்மா. இப்பவே அட்மிட் பண்ணிடுங்க."

பெரம்பலூரின் அந்தச் சின்னக் குழந்தைகள் மருத்துவமனையில் அன்று கடைசியாகக் காலியாக இருந்த ஒரே கட்டில் மர்ஜியாவுக்குக் கிடைத்தது. மற்ற கட்டில்கள் எல்லாவற்றிலும் இதே இருமல். 2022 நவம்பர், விடாத மழை. மூன்று வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது மர்ஜியாவுக்கு. ஜூனில்தான் லெப்பைக்குடிக்காட்டில் மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். சேர்ந்த இரண்டாவது வாரம் சளி பிடித்தது. சளி விட்டதும் இருமல், இருமல் விட்டதும் காய்ச்சல். மாதத்தில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் மருந்து. இந்த முறை பிள்ளை பாலைக் குடிக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டது. அழக்கூட மூச்சில்லாமல் கிடந்தபோதுதான் இர்பானாவும் மாமியார் ஜரீனாவும் கார் பிடித்து வந்தார்கள்.

மர்ஜியா பிறந்த நாற்பதாம் நாள் முடிந்து இர்பானாவின் கணவன் ஜாவித் சார்ஜாவுக்கு விமானம் ஏறினான். அடுத்த இரண்டு வாரத்தில் விமானமே நின்றுபோனது. ஏப்ரலில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். எட்டுப் பேர் படுத்த அறை. காலியான அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருபது நாள் அடைந்து கிடந்தான் ஜாவித். அதற்குப் பிறகுதான் வாய்ஸ் மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. காலையில் ஒன்று, மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. பால் பாக்கெட்டைக் கழுவினாயா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது வந்தார்களா, கதவு சாத்தியிருக்கிறதா. இர்பானாவுக்கு அது தொல்லையாகத் தெரியவில்லை. கடல் தாண்டியும் ஒருவன் இவ்வளவு கவலைப்படுகிறான் என்பது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ரேடியோவும் டிவியும் சொன்னதைத்தானே அவனும் சொன்னான். பிள்ளை வாசல்படியைத் தாண்டாமலே தவழ்ந்தது, நடந்தது, பேசியது. இரண்டு வருடத்தில் ஒரு தும்மல் இல்லை. ஊரில் யார் கேட்டாலும் இர்பானா அதைச் சொல்லிக்கொள்வாள்.

2021 மே மாதம் அரியலூரில் அவளைப் பெற்ற அத்தா மௌத்தானார். கொரோனா இல்லை, மாரடைப்பு. போக வேண்டாம் என்றான் ஜாவித். அவள் போகவில்லை. தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். அத்தாவின் முகத்தருகே கொண்டுபோகும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப அசைந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அம்மா அதைப் பற்றி இன்றுவரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை டாக்டர் வந்தபோது ஜாவித் வீடியோ காலில் இருந்தான். இர்பானா போனை டாக்டர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இது ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸ் சார். புதுசு இல்ல, எப்பவும் இருக்கறதுதான். சாதாரணமா ரெண்டு வயசுக்குள்ள எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒருதடவை வந்துட்டுப் போயிடும். இந்த ரெண்டு வருஷம் எல்லாரும் அடைஞ்சு கெடந்ததுல இந்தக் கிருமியும் சரியா பரவல. இப்ப தொறந்து விட்டதும் எல்லாருக்கும் சேத்து வருது. பாப்பாவோட உடம்பு இதை இப்பதான் மொதல்மொதலா பாக்குது."

"நான் வெளிய விடாததாலயா மேடம்?" என்றாள் இர்பானா.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து ஜாவித் பேசினான்.

"அதான் டாக்டர், அவதான். புள்ளைய வாசப்படி தாண்ட விடல. நான் இங்கேருந்து எவ்வளவோ சொன்னேன், இப்புடி பூட்டி வெக்காத, நாலு புள்ளைங்களோட வெளயாடட்டும்னு. கேட்டாத்தானே."

இர்பானா போனைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் அவன் முகம் தெளிவாக இருந்தது. அவன் தடுமாறவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறவனின் முகமாகவே அது இருந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். அந்த மெசேஜ்கள் ஒவ்வொன்றையும் அடுப்படியில் நின்று கேட்டவள் ஜரீனா. அவள் துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸைப் பார்த்தாள்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல சார்" என்றார் டாக்டர். "ரெண்டு மாசக் கொழந்தையா இருந்தப்ப வந்திருந்தா இதவிட மோசமாக்கூட ஆயிருக்கும். அப்ப வெளிய விடாததும் தப்புன்னு சொல்ல முடியாது." ஜாவித் சரி சரி என்றான். டியூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான்.

பக்கத்துக் கட்டிலில் செந்துறைப் பக்கத்திலிருந்து வந்த சண்முகப்பிரியா இருந்தாள். அவள் மகள் தமிழ்மொழிக்கும் கிட்டத்தட்ட மர்ஜியா வயது, மூக்கில் அதே குழாய். டாக்டர் நகர்ந்ததும் அவள் இர்பானாவிடம் குனிந்தாள்.

"அக்கா, எம் பொண்ணு வூட்ல கெடந்ததே இல்ல. நூறு நாள் வேலைக்குப் போற எடத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போனேன். மண்ணுலதான் வளந்துச்சு. அதுக்கும் இதேதான் வந்துருக்கு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த ஆறுதல் இர்பானாவுக்குள் இறங்கவில்லை. இப்போது அவளை உறுத்தியது கிருமி இல்லை, ஜாவித் சொன்னது.

பிற்பகலில் பிள்ளை கண்ணயர்ந்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். போனில் மேலே தள்ளிக்கொண்டே போனாள். இரண்டரை வருடத்து மெசேஜ்கள். அத்தா மௌத்தான தேதியில் நிறுத்தி, காதோடு வைத்துக் கேட்டாள்.

"இர்பானா, நான் சொல்றத கேளு. மௌத்து வூட்டுக்கு ஊரே வரும். யாருக்கு என்ன இருக்குன்னு தெரியாது. நீ போனா புள்ளையையும் தூக்கிட்டுத்தான் போவணும். போவாத. புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒன்ன நான் மன்னிக்கவே மாட்டேன். கதவ சாத்திட்டு உள்ளயே இரு."

அவன் அன்று அழுதுகொண்டே பேசியிருந்தான். அது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் ஒரு கணம் அவன்மேல் இரக்கம் வந்தது. பயம்தான் அவனையும் ஆட்டிவைத்தது. ஆனால் அந்தப் பயத்தில் பாதியை அவள் சுமந்தாள், அத்தாவின் முகத்தை அதற்காக விட்டாள். இன்று கணக்குக் கேட்கும் இடத்தில் அவளைத் தனியாக நிறுத்திவிட்டு அவன் ஒதுங்கிக்கொண்டான். அந்த மெசேஜை எதுவும் எழுதாமல் அவனுக்கே திருப்பி அனுப்பினாள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. மாலையில் ஒரு வரி வந்தது: "அப்ப நெலம அப்டி. பழச ஏன் தோண்டுற."

வார்டுக்குத் திரும்பியபோது ஜரீனா தேநீர் வாங்கி வைத்திருந்தாள். ஆடை படிந்திருந்தது.

"மாமி, நீங்களாவது சொல்லிருக்கலாம்ல?"

"வெளிநாட்டுல தனியாக் கெடக்குறவன். டாக்டர் முன்னாடி அவன எதுக்கு..." ஜரீனா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "டீய குடிம்மா, ஆறிப்போச்சு."

இர்பானா குடிக்கவில்லை.

ஆறாம் நாள் மர்ஜியா குழாய் இல்லாமல் மூச்சு விட்டாள், இட்லி கேட்டாள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்தபோது, இன்னும் சில முறை சளி வரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம், மூச்சு வாங்கினால் மட்டும் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். தெம்பு வந்ததும் பள்ளிக்கு அனுப்பலாமா என்று இர்பானா கேட்டாள். தாராளமாக என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜாவித் அழைத்தான். பிள்ளையை இரண்டு முறை சிரிக்க வைத்தான். பிறகு, "இங்க பாரு, இனிமே ஸ்கூலு கீலுன்னு அனுப்பாத. ஒரு வருஷம் வூட்லயே வெச்சுக்க. யாரையும் உள்ள விடாத" என்றான்.

"நாளைக்கு டாக்டர் கேட்டா யாரு சொன்னதுன்னு சொல்லட்டும் மச்சான்?"

சார்ஜாவில் எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவள் போனை மாமியாரின் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை மர்ஜியாவுக்குச் சீருடை போட்டாள். சட்டை தோளில் தொளதொளவென்றிருந்தது. ஜரீனா வாசலில் நின்று, "ஜாவித் கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?" என்றாள். "பாத்ததச் சொல்லுங்க மாமி" என்று சொல்லிவிட்டு இர்பானா தெருவில் இறங்கினாள்.

வகுப்பறை வாசலில் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடியது. மூக்கு ஒழுகிய ஒரு பையன் நகர்ந்து பாயில் இடம் விட்டான், பாதி கடித்த பிஸ்கட்டை நீட்டினான். மர்ஜியா வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இர்பானாவின் கை தானாக எழுந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆயா கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்குப் போகாமல் வெளியே நின்றாள். உள்ளே முப்பது பிள்ளைகள் ஒரே ராகத்தில் அ, ஆ சொன்னார்கள். நடுவில் ஒரு பிள்ளை இருமியது. பிறகு இன்னொன்று. அவள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். எது தன் பிள்ளையின் இருமல் என்று அவளுக்குத் தெரியவில்லை.